கார்டு கட்டணமும் சிறு வணிகர் வாழ்வும்

(சாந்திபுரத்தில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் குப்பம் தொகுதியில் அமைந்திருக்கிறது சாந்திபுரம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியின் கடைவீதிகளில் உரக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை என எங்கு நோக்கினும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது, சற்றுப் பெரிய கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரமும் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் வழியே செல்லும் பணத்தில் ஒரு பகுதி வணிகரின் கைக்கு வருவதே இல்லை. அது யாருக்குச் செல்கிறது, ஏன் செல்கிறது என்பதைப் புரிந்துகொள்வது சிறு வணிகரிடையே பணியாற்றும் ஒவ்வொரு தோழருக்கும் அவசியம்.

கட்டணத்தின் கணக்கு

இக்கட்டணத்தின் பெயர் எம்.டி.ஆர்.; அதாவது வணிகர் தள்ளுபடி விகிதம். பெயரில் 'தள்ளுபடி' என்றிருந்தாலும் வணிகருக்கு அது கழிவே. உரக்கடை ஒன்றில் விவசாயி ஒருவர் கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய்க்கு உரம் வாங்குவதாகக் கொள்வோம். கட்டணம் 2 சதவீதம் என்றால் 200 ரூபாய் பிடிக்கப்படும். அக்கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். கடைக்காரர் கணக்கில் சேர்வது 9,764 ரூபாய் மட்டுமே. அந்த விற்பனையில் அவருக்குக் கிடைக்கும் லாபம் 5 சதவீதம், அதாவது 500 ரூபாய் என்றால், அதில் ஏறத்தாழப் பாதி பறிபோய்விட்டது. ஜி.எஸ்.டி.யில் முறையாகப் பதிவு செய்த வணிகர் அந்த 36 ரூபாயை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறலாம். பதிவு செய்யாதவருக்கும் இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கும் அவ்வாய்ப்பு இல்லை. சிறியவர் மீதே சுமை கூடுதலாக இறங்குகிறது. இயந்திரத்துக்கு மாத வாடகை இருந்தால் அது தனிக் கணக்கு.

பிடிக்கப்பட்ட தொகை மூன்றாகப் பிரிகிறது. பெரும்பங்கு கார்டை வழங்கிய வங்கிக்கும், ஒரு பங்கு கடைக்கு இயந்திரம் தந்த வங்கிக்கும், மற்றொரு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலைப்பின்னல் நிறுவனங்களுக்கும் செல்கின்றன. கார்டு வைத்திருப்போருக்கு வழங்கப்படும் பரிசுப் புள்ளிகளுக்கான செலவும் இதிலிருந்தே ஈடுசெய்யப்படுகிறது. இந்தக் கழிவைச் சமாளிக்க வணிகர் விலையைச் சற்று உயர்த்தினால், கூலிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்து அரிசி வாங்கும் தொழிலாளியும் அவ்விலையையே கொடுக்கிறார். கார்டே இல்லாத ஏழை, வசதி படைத்தோரின் பரிசுப் புள்ளிகளுக்குப் பணம் கட்டுகிறார் என்பதே இதன் பொருள்.

பண மதிப்பு நீக்கமும் குப்பமும்

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, சிறு வணிகர்கள் மின்னணுப் பரிமாற்றத்தை நோக்கித் தள்ளப்பட்டனர். அதற்கான வழிகளைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட முதலமைச்சர்கள் குழுவின் அமைப்பாளராக இருந்தவர், குப்பத்தின் சட்டமன்ற உறுப்பினரும் அன்றைய ஆந்திர முதலமைச்சருமான சந்திரபாபு நாயுடு. 2017 ஜனவரி 24 அன்று பிரதமரிடம் அளிக்கப்பட்ட இடைக்கால அறிக்கையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக எடுப்போர் மீது வரி விதிக்கலாம் என்ற யோசனை இடம்பெற்றது. அதே மாதத்தில்தான், கார்டு பரிமாற்றங்களுக்கு 1 சதவீதக் கட்டணம் விதிக்க வங்கிகள் முனைந்தபோது, கார்டை ஏற்கமாட்டோம் எனப் பெட்ரோல் விற்பனையாளர்கள் அறிவித்தனர்; அரசு தலையிட்டு அம்முடிவை ஒத்திவைக்கச் செய்ய நேர்ந்தது. எதிர்த்து நின்றால் கட்டணம் குறையும் என்பதற்கு அது ஒரு சான்று.

2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரையுள்ள சிறு வணிகரிடம் டெபிட் கார்டு இயந்திரப் பரிமாற்றத்துக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என ரிசர்வ் வங்கி வரையறுத்தது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. ஆனால் கிரெடிட் கார்டுக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. முதலாளித்துவ ஐரோப்பிய ஒன்றியமே 2015இல் வங்கிகளிடைக் கட்டணத்துக்கு டெபிட் கார்டில் 0.2, கிரெடிட் கார்டில் 0.3 சதவீதம் என வரம்பு கட்டியுள்ள நிலையில், இங்கு சிறு வணிகர் வங்கியின் தயவில் விடப்பட்டுள்ளார்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கியூ.ஆர். வழியே வருவதெல்லாம் இலவசம் எனப் பல வணிகர்கள் கருதுகின்றனர். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைத்து வாடிக்கையாளர் பணம் செலுத்தினால், சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை மட்டுமே கட்டணமில்லை. அதற்கு மேல் கழிவு உண்டு.

'இலவசம்' என்பதன் பின்னே

கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்றாகாது. சிறு வணிகர்களின் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட யு.பி.ஐ. பரிமாற்றங்களை ஊக்குவிக்க, 2024-25 ஆண்டுக்கு ஒன்றிய அரசு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது மக்களின் வரிப்பணம். யு.பி.ஐ. பரிமாற்றங்களில் பெரும்பாலானவை வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டு செயலிகள் வழியே நடைபெறுகின்றன. பெரு வணிகரிடம் யு.பி.ஐ.க்கும் கட்டணம் வேண்டும் என்று பணப்பரிமாற்றத் துறையினர் 2025இல் வலியுறுத்தினர். அத்தகைய திட்டம் இல்லை என நிதியமைச்சகம் 2025 ஜூனில் மறுத்தது. பழக்கப்படுத்திய பின்னர் விலை வைப்பது ஏகபோகத்தின் இயல்பு என்பதால் அந்த மறுப்பை மட்டும் நம்பியிருக்க இயலாது.

பணத்தைக் கையாளும் மூலதனம், உற்பத்தியில் பிறந்த உபரியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் விளக்கினார். கணக்குகளைக் கையில் வைத்திருக்கும் வங்கிகள், முதலாளிகளின் நிலையை அறிந்து, பின் அவர்களைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வளர்கின்றன என்பதை 1916இல் எழுதிய 'ஏகாதிபத்தியம்' நூலில் லெனின் சுட்டிக்காட்டினார். இன்று அந்தத் தகவல் அரசின் கைக்கும் செல்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு சிறு வணிகர்களுக்கு வரி நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டபோது, பெங்களூருவின் பல கடைகளில் கியூ.ஆர். அட்டைகள் அகற்றப்பட்டு 'ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் தோன்றின. வணிகர்கள் கடையடைப்புக்கு ஆயத்தமான பின்னரே மாநில அரசு இறங்கிவந்தது.

பணிகள்

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது கட்சியின் நிலைபாடு அல்ல. பிரேசிலில் 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் முறையை அந்நாட்டு மத்திய வங்கியே நடத்துகிறது. பணப்பரிமாற்றம் குடிநீர், சாலை போன்ற பொதுச் சேவையாக இருக்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. எனவே, சிறு வணிகருக்கான கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்க வேண்டும், இயந்திர வாடகை ஒழுங்குபடுத்தப்பட வேண்டும், யு.பி.ஐ. கட்டணமின்மை தொடர வேண்டும். ரொக்கத்தைப் பயன்படுத்தும் உரிமை காக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கைகளைக் கடைவீதிதோறும் கொண்டுசெல்ல வேண்டும்.

முதற்பணி எளியது. ஒவ்வொரு தோழரும் தமது பகுதிக் கடைக்காரர் ஒருவருடன் அமர்ந்து, ஒரு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பார்க்கட்டும். கார்டு கழிவு, அதன் மீதான வரி, வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் காட்டட்டும். கடையில் வேலை செய்யும் தொழிலாளியின் கூலியை உயர்த்த இயலாது எனச் சொல்லும் கடைக்காரர், தமது லாபத்தை உண்மையில் யார் எடுத்துச் செல்கிறார்கள் என்பதை அந்தக் காகிதத்தில் காண்பார். சிறு வணிகரையும் தொழிலாளியையும் ஏகபோகத்துக்கு எதிராக ஓரணியில் நிறுத்தும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.