கதவு நிலையோர இடுக்கு: அடைக்கும் முன் ஒரு நிமிடம்

(பொதுக்குழுக் கூட்டத்தின் முடிவில் வீட்டுப் பராமரிப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



லிப்ட், மோட்டார், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். நான் பேசப்போவது சின்ன விஷயம். உங்கள் அறைக்கதவின் நிலைக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழே ஓடுகிற இடுக்கு.

தீபாவளி வருகிறது. பலர் பெயின்டரிடம் சொல்லி வைத்திருப்பீர்கள். அவர் அந்த இடுக்கில் பட்டியை அப்பித் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். சித்திரை வெயில் வந்ததும் அதே இடத்தில் மறுபடி கோடு விழும். இது அவர் குற்றமல்ல. மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். சிமென்ட் பூச்சு அந்த அளவுக்கு அசையாது. பட்டியோ காய்ந்தால் கல் மாதிரி. அசைகிற மரத்துக்கும் அசையாத சுவருக்கும் நடுவே கல்லை வைத்தால் விரிசல் விடத்தான் செய்யும். அங்கே வேண்டியது, கூடவே இழுபடுகிற பொருள்.

ஆனால், எதை வைத்து அடைப்பது என்பது இரண்டாவது கேள்விதான். இடுக்கு ஏன் வந்தது என்பதே முதல் கேள்வி. அதற்கு மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, இடுக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு கதவைச் சற்று வேகமாகச் சாத்துங்கள். நிலை அதிர்ந்து நகர்ந்தால், சுவருக்குள் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. முதலில் தச்சரை அழைத்து நிலையை இறுக்க வேண்டும். ஆடுகிற நிலையில் எதைப் பூசினாலும் நிற்காது.

இரண்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளல் சத்தம் கேட்டால் கவனியுங்கள்.

மூன்று, டார்ச் அடித்து நிலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மண்ணால் கட்டிய மெல்லிய தடம், உதிர்ந்த இறக்கைகள், உப்பிய பெயின்ட் இருக்கிறதா? குளியலறைக் கதவில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மூன்றிலும் சந்தேகம் இல்லையென்றால் தாராளமாக அடைக்கலாம். பழைய பட்டியைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 5 மி.மீ. வரையிலான இடுக்குக்கு, பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் போதும். கன்னில் போட்டு ஒரே இழுப்பாக இட்டு, ஈரவிரலால் தடவி, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். இடுக்கு அதைவிட அகலமானால் முதலில் நுரைக்கயிறு ஒன்றை உள்ளே அழுத்தி, அதன்மேல் சீலன்ட் இடுங்கள். சீலன்ட் மிச்சமாகும், நன்றாக இழுபடவும் செய்யும். விரல் நுழையும் அளவு ஓட்டை என்றால் பி.யு. ஃபோம். அது உப்பிப் பெருகும் என்பதால் பாதி அளவே அடியுங்கள். காய்ந்தபின் கத்தியால் சீவி, மேலே மர பீடிங் அடித்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஃபோம் அடிக்கும்போது கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகே அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

குளியலறை நிலையின் அடிப்பாகத்துக்கு சிலிக்கான் நல்லது, தண்ணீரைத் தாங்கும். ஆனால் சாதாரண சிலிக்கான்மேல் பெயின்ட் ஒட்டாது. ஆகவே சுவர் நிறத்துக்கு ஏற்றதாக வாங்குங்கள். மரம் நன்கு காய்ந்த பிறகே பூசுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் உள்ளிருந்தே உளுத்துப்போகும்.

இனி, சந்தேகம் வந்த வீடுகளுக்கு. மண்தடம் கண்டால் அடைக்காதீர்கள். கறையானுக்கு ஈரமும் இருட்டும் வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள இந்த இடுக்கு அதற்கு ராஜபாட்டை. மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் அது சாகாது, நம் கண்ணுக்குத்தான் மறையும். அடுத்த தீபாவளிக்குள் நிலை வெறும் பெயின்ட் தோலாக நிற்கலாம். அதற்குள் பொதுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கலாம்.

கட்டி முடித்த கட்டடங்களில் கறையானைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் 3-ஆம் பகுதி இருக்கிறது. மரமும் சுவரும் சேருமிடத்தில் சாய்வாகத் துளையிட்டு மருந்து செலுத்துவது அதில் சொல்லப்பட்ட ஒரு முறை. மருந்தடிக்க வருபவர் மேலோட்டமாகத் தெளித்துவிட்டுப் போகிறாரா, துளையிட்டுச் செலுத்துகிறாரா என்று கேளுங்கள். மருந்து வேலை முடிந்த பிறகு சீலன்ட், அதற்கும் பிறகுதான் பெயின்ட். இந்த வரிசை மாறக்கூடாது.

ஒரே வேண்டுகோள். மண்தடம் பார்த்தால் அதைக் கலைக்காமல் போட்டோ எடுத்து, சங்க அலுவலகத்தில் வீட்டு எண்ணோடு சொல்லுங்கள். "நம் வீட்டில் கறையான்" என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். அது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. அடித்தளத்திலிருந்து ஏறிவருவதை நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் கவனித்தால்தான் நிற்கும், செலவும் பகிர்ந்துபோகும்.

பெயின்டர் வருவதற்கு முந்தைய நாள் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வீட்டின் எல்லாக் கதவுகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது.