எபிசோட் 37: முறுக்கு எலி கேக் தின்ன ராத்திரி

வழக்கமா இங்க வேலை, சம்பளம், வாடகை வீடுன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு முறுக்கைப் பத்தி. திங்கிற முறுக்கு இல்ல. பழைய எபிசோட்கள்ல நடுநடுவே ஒரு குரைக்கிற சத்தம் கேட்டிருப்பீங்களே, அவன்தான். நாட்டு நாய், மூணு வயசு, 14 கிலோ. வால் நல்லா சுருண்டிருக்கும், அதான் அந்தப் பேரு.

ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி அவன் எலி மருந்தைத் தின்னுட்டான். இப்ப நல்லா இருக்கான். அதை முதல்லயே சொல்லிடுறேன், நீங்க பதறிக்கிட்டே கேட்க வேண்டாம்.

இன்னொண்ணு. நான் கால்நடை மருத்துவர் இல்ல, கோடு எழுதிப் பிழைக்கிறவன். இதுல வர்ற மருத்துவ விஷயமெல்லாம் அன்னைக்கு டாக்டர் சொன்னதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதும்தான். உங்க நாய்க்கு என்ன பண்ணணும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா டாக்டர்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க என்ன பண்றீங்க, முக்கியமா என்ன பண்ணாம இருக்கீங்க, அதுலயே பாதி விஷயம் இருக்கு.

அந்த ராத்திரி

சமையலறையில எலி நடமாட்டம். கடையில போய் நீல கலர் கேக் வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நாலு வச்சேன். நாய் அங்க நுழையாதுன்னு நினைச்சேன். தப்பு என்னோடதுதான், வேற யாரையும் சொல்ல முடியாது.

ஒன்பது நாற்பதுக்கு தண்ணி எடுக்கப் போனா, தரையில நீலத் துகள். முறுக்கு வால் ஆட்டிக்கிட்டு நிக்கிறான். பின்னாடி எட்டிப் பார்த்தேன். நாலுல ஒண்ணுதான் இருக்கு.

அவனைப் பார்த்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கான். வாந்தி இல்ல, நடுக்கம் இல்ல, பந்து எடுத்துட்டு வந்து விளையாடக் கூப்பிடுறான். எனக்குள்ள ஒரு குரல், 'காலைல பார்த்துக்கலாம், நல்லாத்தானே இருக்கான்' அப்படின்னுது. இன்னொரு குரல், 'உப்புத் தண்ணி கரைச்சு ஊத்து, வாந்தி எடுத்துடுவான்' அப்படின்னுது. கையில உப்பு டப்பாவை எடுத்துட்டேன்.

அப்பதான் பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்கு போன் போட்டேன். மூடிட்டாங்க. ஆனா ஒரு அவசர நம்பர் சொல்ற ரெக்கார்டிங் வந்துச்சு. அதுல எடுத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூச்சு சரியா விடுறானா?" ரெண்டாவது, "கவர்ல என்ன பேரு போட்டிருக்கு?" கவரை நான் ரெண்டு நாள் முன்னாடியே குப்பையில போட்டுட்டேன். நல்ல வேளை, பையை இன்னும் கீழ கொண்டு போகலை. குப்பையைக் கொட்டித் தேடி எடுத்தேன். புரோமடியோலோன், 0.005 சதவீதம்.

"உப்புத் தண்ணி ஊத்தட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். எதையும் ஊத்தாதீங்க. கவரோட கிளம்பி வாங்க."

ரெண்டு கேப் நாய்னு தெரிஞ்சதும் கேன்சல் ஆச்சு. தெரு முனையில நின்ன ஆட்டோ அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "ஏறு தம்பி, பேசிட்டு நிக்காத" அப்படின்னு அவர் துண்டை எடுத்து சீட்ல விரிச்சார். பத்து இருபத்தஞ்சுக்கு ஆஸ்பத்திரியில இருந்தோம். ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல வாந்தி, முழுக்க நீலம்.

நல்லா இருக்கான்னு தெரிஞ்சா ஏன் நம்பக்கூடாது?

இந்த வகை எலி மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அது புரியும். ரத்தம் உறையறதுக்குச் சில புரதங்கள் வேணும். அதைக் கல்லீரல் தயார் பண்றதுக்கு வைட்டமின் கே வேணும். உடம்பு வைட்டமின் கேயைத் திரும்பத் திரும்பச் சுத்திகரிச்சுப் பயன்படுத்திக்கும். புரோமடியோலோன் அந்தச் சுழற்சியை நிறுத்திடுது. ஆனா ஏற்கெனவே ரத்தத்துல இருக்கிற புரதம் தீர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் நாய் ஓடும், ஆடும், சாப்பிடும். அப்புறம் சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சு வாங்கல். ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ கசிஞ்சா வெளியில ஒரு சொட்டு கூடத் தெரியாது.

நம்ம பாஷையில சொன்னா, சர்வர் விழுந்துடுச்சு, ஆனா கேஷ்ல இருந்து பேஜ் வந்துட்டே இருக்கு. கேஷ் தீர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதுக்கு நல்ல மாற்று மருந்து இருக்கு: வைட்டமின் கே 1. முறுக்குக்கு நாலு வாரம் மாத்திரை. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோட கொடுத்தாதான் நல்லா உடம்புல சேரும்னு சொன்னாங்க. கடைசி மாத்திரை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் உறையற நேரத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. நார்மல்.

ஆனா எல்லா எலி மருந்தும் இதே இல்ல. சாம்பல் கறுப்புப் பொடியா வர்ற ஜிங்க் பாஸ்பைட், வயித்து அமிலத்தோட சேர்ந்து பாஸ்பீன்ங்கிற விஷ வாயுவா மாறும். பெரும்பாலும் சில மணி நேரத்துலயே வேலையைக் காட்டிடும். அதுக்கு மாற்று மருந்து கிடையாது. சாப்பாடு கொடுத்தா வயித்துல அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தா அந்த வாயு நமக்கும் ஆபத்து, வண்டி ஜன்னலைத் திறந்து வைக்கணும். ஒரே 'எலி மருந்து', ரெண்டு வேற வேற வைத்தியம். அதனாலதான் டாக்டர் கவரைக் கேட்டாங்க.

முதல் பத்து நிமிஷம்

வேலையில ஆன் கால் இருக்கிறவங்களுக்கு ரன்புக்னா என்னன்னு தெரியும். நடுராத்திரி மூளை வேலை செய்யாதப்ப பார்த்துச் செய்யறதுக்கு முன்னாடியே எழுதி வச்ச குறிப்பு. இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒண்ணு ஒட்டியிருக்கேன்.

முதல்ல, மூச்சு. வாயைக் கால்களால பிராண்டுது, மூச்சு விடத் திணறுது, நாக்கு நீலமாகுதுன்னா அது தொண்டை அடைப்பா இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்க. பொருள் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடுங்க, தெரியாம விரலை விட்டா இன்னும் உள்ள போயிடும். வரலைன்னா, பெரிய நாய்க்குப் பின்னாடி நின்னு விலா எலும்புக்குக் கீழ கையைக் கோத்து மேல்பக்கமா முன்னால அழுத்தணும். சின்ன நாயைத் தலைகீழாப் பிடிக்கலாம்.

ரெண்டாவது, நாயை அந்த இடத்துல இருந்து நகர்த்திக் கட்டுங்க. வீட்டுல வேற நாய், பூனை இருந்தா அதையும்.

மூணாவது, ஆதாரம். கவர், மாத்திரை அட்டை, மிச்சம் இருக்கிற துண்டு, வாந்தி எடுத்திருந்தா அதுவும் ஒரு கவர்ல. போட்டோவும் எடுங்க.

நாலாவது, மூணு எண்கள்: நாயோட எடை, அதிகபட்சம் எவ்வளவு தின்னிருக்கும், எத்தனை மணிக்கு. டாக்டர் கணக்குப் போடறது இதை வச்சுத்தான்.

ஒரு உதாரணம். சாக்லேட்ல தியோபுரோமின் இருக்கு. நாய் எடையில கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினா தொந்தரவு ஆரம்பிக்கும், 60 பக்கம் போனா வலிப்பு வரலாம். 10 கிலோ நாய்க்கு 200 மில்லிகிராம். மில்க் சாக்லேட்னா சுமார் 100 கிராம். டார்க் சாக்லேட்னா சுமார் 40 கிராமே போதும். கோகோ பவுடர்னா 10 கிராம். "சாக்லேட் தின்னுடுச்சு"ன்னு மட்டும் சொன்னா டாக்டரால ஒண்ணும் சொல்ல முடியாது.

அஞ்சாவது, போன் பண்ணிக்கிட்டே கிளம்புங்க. அறிகுறி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கிறது பெரும்பாலும் முதல் ரெண்டு மணி நேரத்துலதான் பலன் தரும்.

பண்ணக்கூடாதது

உப்புத் தண்ணி வேண்டாம். வாந்தி வரலைன்னா அந்த உப்பு ரத்தத்துல ஏறும், மூளையைப் பாதிக்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். விஷத்துக்கு மேல இன்னொரு விஷம். பச்சை முட்டை, பால், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தொண்டையில விரல், எதுவும் வேண்டாம்.

வாந்தியே எடுக்க வைக்கக்கூடாத விஷயங்களும் இருக்கு. ஆசிட், பாத்ரூம் கழுவுற திரவம், பட்டன் பேட்டரி: போகும்போது ஒரு தடவை புண்ணாக்கினது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை புண்ணாக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல்: நுரையீரலுக்குள்ள போயிடும். ஊசி, ஆணி மாதிரி கூர்மையானது. மயக்கத்துல இருக்கிற நாய், வலிப்பு வந்த நாய். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கும் ஆபத்து அதிகம். அதனால வாந்தி முடிவு டாக்டரோடது.

நூல் முழுங்கிடுச்சு, ஒரு முனை வாயிலயோ ஆசனவாயிலயோ தொங்குது. இழுக்கக்கூடாது. உள்ள குடல்ல சுத்தியிருந்தா நூல் கத்தி மாதிரி அறுத்துடும்.

வீட்டுலயே இருக்கிற வில்லன்கள்

எலி மருந்தை யாரும் சந்தேகப்படுவோம். ஆபத்து நிறைய மத்த இடத்துலதான்.

நம்ம மாத்திரைகள்: பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வயித்துல புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் கொண்டு வரும். நாய்க்குக் காய்ச்சல்னு பாதி மாத்திரை கொடுக்கிற பாசக்காரங்களுக்காகச் சொல்றேன்.

சுகர் ஃப்ரீ சூயிங்கம்: அதுல சைலிட்டால் இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரத்தச் சர்க்கரை சரிஞ்சு விழும்.

திராட்சை, உலர் திராட்சை: சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திடும். ஏன்னு ரொம்ப வருஷம் புரியாம இருந்தது. டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு 2021ல கால்நடை மருத்துவர்கள் எழுதினாங்க. அதே அமிலம் எதுல நிறைய இருக்கு தெரியுமா? புளியில. புளி தின்ன நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிச்சதா அடுத்தபடியா பதிவு பண்ணியிருக்காங்க. சாம்பார் வீட்டுக்காரங்க புளி டப்பாவை மேல் தட்டுல வைங்க.

மாங்கொட்டை: விஷம் இல்ல, ஆனா குடலை அடைச்சுக்கும். எக்ஸ்ரேல சரியாத் தெரியாமலும் போகலாம். மே மாசத்துல நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்குது, மோஷன் போகலைன்னா, மாம்பழம் சாப்பிட்டதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்னொரு நாய்

ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். அப்பா திண்டுக்கல்ல இருந்து போன் பண்ணார். எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது எங்க வீட்டுல மணின்னு ஒரு நாய் இருந்துச்சு. வயல் பக்கம் போய் எதையோ தின்னுட்டு வந்துச்சு. அப்பா ஒரு சொம்பு உப்புத் தண்ணி கரைச்சு வாயைப் பிளந்து ஊத்தினார். நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். விடியறதுக்குள்ள போயிடுச்சு.

முறுக்கு கதையைச் சொல்லும்போது, உப்புத் தண்ணி கூடாதுன்னு டாக்டர் சொன்னதையும் யோசிக்காமச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டார், "அப்ப மணியை நான்தான் கொன்னுட்டேனாடா?"

என்ன சொல்றதுன்னு தெரியலை. அது என்ன தின்னுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எது அதைக் கொண்டு போச்சுன்னும் தெரியாது. "நமக்குத் தெரிஞ்சதைத்தானே பண்ணோம்ப்பா, தலையைப் பிடிச்சது நான்தானே" அப்படின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த எலி மருந்தை முதல்ல வெளிய தூக்கிப் போடு" அப்படின்னார். வச்சிட்டார்.

இந்த எபிசோட் அதுக்காகத்தான். அப்பாவுக்கு அன்னைக்கு யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியலை. நம்ம கையில போன் இருக்கு.

அதனால இதைக் கேட்டு முடிச்சதும் மூணு வேலை. ஒண்ணு, ரெண்டு நம்பர் சேவ் பண்ணுங்க: உங்க வழக்கமான டாக்டர், ராத்திரியில அவசரத்துக்கு யாரு. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உட்பட, உங்களுக்குப் பக்கத்துல எது எத்தனை மணி வரைக்கும் பார்க்கிறாங்கன்னு பகல்லயே கேட்டு வைங்க. ரெண்டு, நாயை ஏத்திக்கிற ஒரு ஆட்டோக்காரர் நம்பர். மூணு, நாயோட எடையை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க.

எங்க வீட்டுல எலி இன்னும் இருக்கு. இப்ப பொறிதான் வச்சிருக்கேன். முறுக்கு அதைப் பார்த்துத்தான் குரைச்சுட்டு இருக்கான், கேட்குதா? சரி, அடுத்த வாரம் பார்ப்போம்.