பேராம்பிரா தந்த செவிலி

இரவுப் பணியை முடித்த கையோடு உறக்கத்தையும் ஒதுக்கிவைத்து இங்கே வந்து அமர்ந்திருக்கும் செவிலிச் சகோதரிகளே, தாய்மார்களே,

மே மாதம் 12-ஆம் தேதி புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் ஜன்ம தினம். அந்த அம்மையாரின் சரித்திரத்தை எனக்கு முன் பேசிய அன்பர்கள் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போக உத்தேசிக்கவில்லை. மேற்கு மலைத்தொடரைத் தாண்டினால் கோழிக்கோடு ஜில்லா. அங்கே பேராம்பிரா என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்தப் பணியிலிருந்த ஒரு நர்ஸ், இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாய். லினி புதுசேரி என்பது அவர் பெயர். 2018-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, உலகமெங்கும் செவிலியர் தினம் கொண்டாடி ஒன்பது நாள் கழிந்தபின், அவர் உயிர் நீத்தார். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முழுவதையும் அந்தப் புண்ணியவதிக்கே கொடுத்துவிடப் போகிறேன்.

அந்த மே மாதத் தொடக்கத்தில் காய்ச்சலோடு ஓர் இளைஞரைப் பேராம்பிரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்ன வியாதி என்று வைத்தியருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. நோயாளி என்று ஒருவர் வந்துவிட்டால் நர்ஸ் என்ன செய்வார்? இங்கே முன்வரிசையில் இருக்கும் சகோதரிகளைக் கேளுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், கையைப் பிடித்து ஊசிக்கு நரம்பு தேடுவதும், வாந்தி எடுத்தால் தட்டை ஏந்திப் பிடித்து வாயைத் துடைத்துவிட்டு நனைந்த விரிப்பை உருவி வேறு விரிப்புப் போடுவதும், மூச்சு முட்டுகிறதென்று முனகினால் முதுகுக்குக் கை கொடுத்து உட்கார வைப்பதும், டிரிப் பாட்டிலையும் நோயாளியின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி விடியும்வரை விழித்திருப்பதும் அல்லவா இரவு நர்ஸின் வேலை? இவற்றில் ஒன்றையாவது ஒரு முழம் விலகி நின்று செய்ய முடியுமா? நிபா என்ற அந்தப் பொல்லாத வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவதும் அந்த ஒரு முழத்துக்குள்ளேதான்.

அந்த இளைஞர் மே 5-ஆம் தேதி கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலமானார். வந்தது நிபா என்று ஊர்ஜிதமானதோ, அதற்குப் பல நாட்களுக்குப் பிறகு. 1998, 99-இல் மலேசியாவில் பன்றி வளர்த்துப் பிழைத்த கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்று, சுங்கை நிபா என்ற ஊரின் பெயரையே சூடிக்கொண்ட வியாதி அது. பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் குடியிருப்பது, தடுப்பூசி இல்லாதது. 2001-இல் சிலிகுரியில் அது தலைகாட்டியபோது ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பரவி, அங்கே பணி செய்தவர்களையே வாரிக்கொண்டு போயிற்று. கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் 2018-இல் 17 உயிர்கள் போயின. வியாதி கண்டு பிழைத்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த இளைஞருக்குத் தொண்டு செய்த நம் லினி என்ன செய்தார்? காய்ச்சல் தமக்கும் வந்த பிற்பாடு, உற்றார் ஒருவரையும் அருகே நெருங்க விடவில்லை. கணவர் பஹ்ரைனில் உத்தியோகம் பார்த்தவர்; செய்தி கேட்டு ஓடி வந்தார். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு வயது. தாயே, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறீர்களே, அந்த வயதுதான். அந்தக் குழந்தையைத் தொட முடியாமல், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு, கையில் கிடைத்த காகிதத்தில் கணவருக்குச் சில வரிகள் கிறுக்கினார். புறப்படும் வேளை நெருங்கிவிட்டது, இனிச் சந்திப்போம் என்று தோன்றவில்லை, குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னவனை வளைகுடாவுக்கு உங்களோடு அழைத்துப் போங்கள் என்று எழுதினார். எழுதியவர் அதோடு நிறுத்தவில்லை. நம் அப்பாவைப் போல நீங்கள் தனித்துப் போய்விடக் கூடாது என்றும் எழுதினார்.

சபையோரே, சாகும் தறுவாயில், தாம் இல்லாத வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே, பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட ஒரு கை வேண்டுமே என்று நினைத்த அந்த மனத்தின் விசாலத்தை நான் எந்த வார்த்தையால் சொல்வேன்? 2022-ஆம் ஆண்டு அந்தக் கணவர் மறுமணம் செய்துகொண்டார். லினியின் இறுதி வேண்டுகோள் நிறைவேறிற்று என்றே நான் அதைக் கொண்டாடுகிறேன். கை தட்டுகிறீர்கள், நன்றாகத் தட்டுங்கள், அந்தத் தாய்க்கு அது சேரட்டும்.

லினியின் உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. வியாதி பரவிவிடும் என்ற காரணத்தால், குடும்பத்தார் சம்மதத்தோடு, காலதாமதமின்றித் தகனம் செய்துவிட்டார்கள். குழந்தைகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் சுடுகாட்டில் வேலை செய்பவர்களே நிபா கண்டு இறந்தவரின் உடலைத் தொட அஞ்சிப் பின்வாங்கினார்கள். அப்போது கோழிக்கோடு மாநகராட்சியில் ஒரு சுகாதார அதிகாரி முன்வந்து நின்றார். பிள்ளை இருந்தும் கொள்ளி வைக்க முடியாத உடல்களுக்கு, சுற்றத்தார் எட்டி நின்று அழுத உடல்களுக்கு, பத்துப் பன்னிரண்டு உடல்களுக்கு, இந்து என்றும் முஸ்லிம் என்றும் பேதம் பாராமல் அவரவர் சமய முறைப்படி இறுதி மரியாதை செய்து முடித்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. கடமையைச் செய்த மனிதர் கைதட்டலுக்காகச் செய்யவில்லை.

ஆனால் வேறு சிலரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். லினியோடு வேலை பார்த்த நர்ஸ்கள் பஸ்ஸில் ஏறினால் எழுந்து விலகிப் போனவர்கள் இருந்தார்கள். ஆட்டோவில் ஏற்ற மறுத்தவர்கள் இருந்தார்கள். ஐயா, காய்ச்சல் வந்தால் அவர்கள் கையைத் தேடி ஓடுகிறோம். காய்ச்சல் தீர்ந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார அஞ்சுகிறோமா? படித்தவர்கள் நிறைந்த மலையாள நாட்டிலேயே இது நடந்தது. நம் பக்கத்தில் நடக்காது என்று எவரும் மார்தட்ட வேண்டாம்; கொரோனா காலத்தில் சென்னையிலே, தொண்டு செய்து இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்த கூட்டத்தை நாம் பார்த்தோம். அந்தக் கோழிக்கோட்டு அதிகாரி அன்று இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று என் நெஞ்சு பதைத்தது.

இன்னொரு தாயின் கதையையும் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலே லைபீரியா தேசம். ஸலோமி கார்வா என்ற நர்ஸ் உதவியாளர். எபோலா என்னும் கொள்ளைநோய் அவருடைய தாயையும் தந்தையையும் கொன்றது, அவரையும் பிடித்தது, அவர் பிழைத்தார். பிழைத்தவர் வீட்டில் இருக்கவில்லை. சிகிச்சை முகாமுக்கே திரும்பிப் போய், ஒருவரும் தொடத் துணியாத நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். 2014-இல் 'டைம்' பத்திரிகை, எபோலாவை எதிர்த்துப் போராடியவர்களை அந்த வருஷத்தின் மனிதர்களாகக் கொண்டாடியபோது, அட்டையில் அவர் முகமும் வந்தது. மூன்றாவது வருஷம், 2017-இல், பிரசவமாகி வீடு திரும்பிய அவருக்கு வலிப்பு கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எபோலா வந்து பிழைத்தவள் என்று அங்கே அவரைத் தொட அஞ்சினார்கள் என்று குடும்பத்தார் கதறினார்கள். நான்கு குழந்தைகளை விட்டுவிட்டு அவர் போய்விட்டார். ஊரார் தொட அஞ்சியவர்களையெல்லாம் தொட்ட கை அது! லினியின் மறைவுக்குப் பிறகு உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, மறவாமல் நினைக்கத்தக்கவர்கள் என்று இந்த இருவரையும், காஸாவில் சுடப்பட்டு இறந்த முதலுதவித் தொண்டரான ரஸான் அல்-நஜ்ஜார் என்ற இளம் பெண்ணையும் சேர்த்து எழுதினார்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் பார்க்கிறார். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்க என் மனச்சாட்சி இடம்கொடாது. லினி ஒப்பந்தப் பணியாளர் என்றேன் அல்லவா? அவர் மறைந்த பிற்பாடு கேரள அரசு குழந்தைகளுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தது, கணவருக்கு உத்தியோகம் கொடுத்தது, வாழ்த்துவோம். ஆனால் உயிரோடு உழைக்கும் காலத்தில் நிரந்தரம் இல்லாத பெண், செத்த பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமா? நம் தமிழ்நாட்டில், தேர்வு எழுதித் தேறி வந்த செவிலியர்கள் ஆயிரக்கணக்கானோர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்த்து, இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்ற மருத்துவத் துறை அலுவலக வளாகத்தில் கைக்குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார்களே, மறந்துவிட்டோமா? சேவை செய்ய வந்தவர்களுக்குச் சம்பளக் கணக்கு எதற்கு என்று அன்று உபதேசம் செய்த பெரிய மனிதர்களை நான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பால்காரருக்கும் மளிகைக்காரருக்கும் சேவை என்று சொல்லிக் கணக்குத் தீர்க்க முடியுமா? அந்தப் பெண்கள் வீட்டிலும் பால் வாங்க வேண்டாமா? இதற்கும் தட்டுகிறீர்கள். கைதட்டல் எனக்கு வேண்டாம்; அதை மனுவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

இந்தக் கூட்டம் கலைவதற்கு முன், வாசலில் வைத்திருக்கும் காகிதத்தில் ஒவ்வொருவரும் பெயர் எழுதுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒவ்வொரு செவிலியரையும் நிரந்தரமாக்க வேண்டும், தொற்று வார்டில் நிற்பவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும் என்ற இந்த இரண்டு கோரிக்கைகள்தாம் அதில் இருக்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். வரக்கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள்.