குற்றாலச் சாரலும் கொள்ளைநோய்க் கணிப்பும்

ஆனி, ஆடித் திங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று புகுந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது, மக்கள் திரள்கின்றனர். மழையை முன்கூட்டி உரைப்பதுபோல் நோயையும் உரைக்க இயலுமா?

இயலும் என்றார் கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் லெனார்டு ராஜர்ஸ். காலராக் கணக்குகளை வானிலைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு 1928-இல் தம் ஆய்வை வெளியிட்டார். காற்றின் ஈரம் மிகக் குறைந்த காலத்தில் காலரா ஒடுங்குகிறது, ஈரம் ஏறுங்கால் அதுவும் ஏறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. சென்னை மாகாணச் சுகாதார இயக்குநராயிருந்த ரஸ்ஸல், இங்கு ஏறத்தாழ ஆறாண்டுக்கொரு முறை அந்நோய் பெருகுவதாகக் கணித்தார்.

ஆயினும் ஈரக்காற்று தானே காலராவைக் கொணர்வதில்லை. நோயாளியின் மலத்திலுள்ள கிருமி நீரிலோ உணவிலோ கலந்தாக வேண்டும். குற்றாலக் கடைத்தெருவில் மங்குஸ்தானைத் தோலோடு வாங்கி, கழுவிய கையால் உடைத்துத் தின்பவருக்கு அச்சம் சிறிது. அறுத்துத் திறந்துவைத்த பலாச்சுளையின் நிலை வேறு. அதன்மேல் தெளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று நாம் கேட்பதுமில்லை! அருவி நீர் தெளிவாயிருப்பதாலேயே தூயது என்று கொள்ளுதலும் பிழை. அந்நீரே சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து தாமிரவருணியிற் சேர்கிறது. மேலே கலந்தது கீழேயுள்ளவர் குடத்தில் இறங்கும்.

2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் வயிற்றுப்போக்கு நோயாளர் எண்ணிக்கை மாவட்டந்தோறும் திரட்டப்படுகிறது. எண்ணிக்கை வழக்கத்தை மீறினால் குடிநீரைச் சோதிக்கலாம், குளோரினைக் கூட்டலாம். ஆனால், சாரலில் குளித்து ஊர் திரும்பி, கைமருந்தோடு நின்றுவிடுபவர் அக்கணக்கில் ஏறுவதேயில்லை.