மாட்டின் வாயில் கையை விடாதீர்கள்

விதை, உரம் என்று பேசுகிறவன் இன்றைக்கு நாய்க்கடி பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் ஒரு கறவைப் பசு.

சில வருஷங்களுக்கு முன் கடலைக் கொல்லை பார்க்கப் போனேன். அங்கே ஒருவர் தம் பசுவின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாய்த் தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது, ஓயாமல் கத்துகிறது. "மாங்கொட்டை ஏதோ அடைச்சிருக்குங்க சார்" என்றார். விசாரித்தால், மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாய் அதன் மூக்கில் கடித்திருக்கிறது! கையை எடுக்கச் சொன்னேன். விரலெல்லாம் கடலை பிடுங்கின கீறல். குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவவைத்து, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பசு நான்காம் நாள் செத்தது. அவர் ஊசியெல்லாம் போட்டு முடித்து, இன்றும் கடலை போடுகிறார்.

தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறினால் தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போகிறது. வடிகிற எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. அறிகுறி தோன்றிய பிறகு மனிதனோ மாடோ பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபட்ட பிறகு அது தோன்றச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். அந்தப் பசுவின் பாலைக் குடித்தவர்களும் பதறிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சின பாலென்றால் பயமில்லை. பச்சையாகக் குடித்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்பாதீர்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னும் பயப்படுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து நின்று இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் ஊசி: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். வலி நின்றுவிட்டதென்று நடுவில் விடக்கூடாது. ரத்தம் வந்த கடியானால் காயத்திலேயே போடுகிற மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

2024, 2025-இல் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறின. ஆட்டை இழந்தவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கறியில் விஷம் வைத்தால் சாகிறது நாய் மட்டுமல்ல, மேய்கிற கோழியும் மயிலும்தான். நாய் குறைந்த தெருவுக்குப் பக்கத்து ஊர் நாய் வந்துவிடும். அது ஊசி போடாத நாய். நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவ வழியில்லை. கருத்தடையும் சேர்த்துச் செய்தால் குட்டி பெருகாது. சென்னையில் 1996-லேயே இதைத் தொடங்கினார்கள். காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்த நாய், அதை விரட்டாதீர்கள். 2023-இல் வந்த விதிகளின்படி இது உள்ளாட்சியின் பொறுப்பு. கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

ஒன்று நம் கையில் இருக்கிறது. செத்த கோழியையும் கன்று போட்ட நஞ்சுக்கொடியையும் ஏரிக்கரையில் வீசுகிறோமே, அந்த விருந்துக்குத்தான் நாய் கூடுகிறது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருஷந்தோறும். நாய் கடித்த மாட்டுக்கும் ஊசி உண்டு. அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள்.