தாயின் உணவும் சந்ததியின் நலமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னோர் ஈட்டிய பொருளும் புகழும் பின்னோரை வந்தடைதல் யாவரும் அறிந்ததே. அவர் உண்ட உணவும், உற்ற பசியுங்கூட அங்ஙனம் வந்தடையும் என்பது விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்ட உண்மை. அதனைச் சுருங்க எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

இவ்வுண்மை தெளிவுற விளங்கிய இடம் ஹாலந்து தேசம். இரண்டாம் உலக யுத்தத்தில் அது ஜெர்மானியர் வசப்பட்டிருந்தது. 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில், நேசநாட்டுப் படைகளுக்குத் துணையாக அங்குள்ள ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குத் தண்டனையாக ஜெர்மானியர் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாவண்ணம் தடுத்தனர். பின்னர்த் தடை சிறிது தளர்ந்தும் பயனில்லை; கடுங்குளிரால் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், லெய்டன் முதலிய நகரங்களில் ஒருவர்க்கு ஒருநாட் பங்கீடு 400 முதல் 800 கலோரியாகச் சுருங்கிற்று. துலிப் மலர்க் கிழங்கையும் தின்று மக்கள் உயிர் தாங்கினர். மாண்டவர் 20,000-க்கு மேற்பட்டனர். 1945 மே மாதம் விடுதலை வந்தது, உணவும் வந்தது.

பஞ்சம் தொடங்கிய காலமும் முடிந்த காலமும் திட்டமாகத் தெரியும். பிறப்புப் பதிவேடுகளும் செவ்வையாக இருந்தன. ஆதலின், எவர் கருவில் எத்தனையாம் மாதத்தில் பசியுற்றார் என்று கணித்தல் இயன்றது. படைச் சேர்க்கைக்கு வந்த 19 வயது இளைஞர் மூன்று லட்சம் பேரின் குறிப்புக்களை ஆராய்ந்து, 1976-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கருக்காலத்தின் முற்பாதியில் பஞ்சத்துக்குள்ளானோரிடம் மிகைப்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. இறுதி மாதங்களிற் பசியுற்றோரிடம் அது குறைவாக இருந்தது. நடுவயதில், முதல் மாதங்களிற் பசியுற்றோரிடை இருதயநோயும் மிகுந்தது. பசி ஒன்றே, அது தாக்கிய பருவத்திற்கேற்பப் பயன் வேறுபட்டது.

இதன் காரணத்தைத் தமிழ் கற்றார்க்கு ஓர் உவமையால் விளக்கலாம். ககரத்தின் தலைமேற் புள்ளியிட்டால் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை, ஒலியோ அடங்குகின்றது. நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சுவடி உளது. அதன் எழுத்துக்கள் பெற்றோரிடமிருந்து வந்தவை. உணவால் மாறுவன அல்ல. ஆனால் அவற்றின்மேல் மெதில் என்னும் நுண்ணிய இரசாயனக் குறிகள் ஏறுகின்றன. குறி மிக்க இடத்து மரபணு பெரும்பாலும் அடங்கும். குறைந்த இடத்து ஓங்கும். எழுத்தை மாற்றாது அதன் செயலை ஆளும் இத்தகைய குறிகளை ஆராயும் சாஸ்திரமே எபிஜெனிடிக்ஸ் என்பது.

2008-இல் ஹெய்மன்ஸ், லூமே முதலிய அறிஞர்கள், பஞ்சத்திற் கருவானோரை அப்பஞ்சத்தைக் கருவில் அறியாத அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டனர். வளர்ச்சிக்குரிய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், முன்னவர்க்கு இக்குறிகள் குறைந்திருந்தன. அறுபது ஆண்டு கழிந்தும் அவ்வடு நீங்கவில்லை!

இன்னும் ஒன்று கேண்மின். பெண்மகவு கருவில் இருக்கும்போதே அதன் சூல்முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆகவே பெண்சிசுவைச் சுமப்பவளின் உடலில் தாய், மகள், பேரப்பிள்ளைக்குரிய வித்து என மூன்று தலைமுறை ஒருங்கே தங்குகின்றன. பேரப்பிள்ளை வரை இவ்வடு எத்துணை செல்லும் என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. எனினும் அவ்வித்து அவள் உண்ணும் உணவினாலன்றோ உருப்பெறுகின்றது?

இதனைக் கேட்டுத் தாயைப் பழித்தல் அடாது. ஹாலந்து தேசத்துத் தாய்மார் பசியை விரும்பி ஏற்றவரல்லர். பழி உணவை மறித்தாரைச் சார்ந்தது. நம் இல்லங்களில் உணவை மறிப்பார் யார்? ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை மருமகள் உண்ணுதல் பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. அவள் கருவுற்றிருப்பினும் அவ்வழக்கம் தவறுவதில்லை. "குழந்தை பெருத்தால் பிரசவம் கடினம்" என்று அவள் சோற்றைக் குறைப்பாரும் உளர். எந்தப் பகைவனும் முற்றுகையிடாத வீட்டில் இஃது என்ன பஞ்சம்?

குலத்தின் பெருமையை மேடைதோறும் பேசுகின்றோம். குலம் வளர்வது கருவுற்றவளின் இலையிலன்றோ? கீரை, பருப்பு, பால், பழம் முதலியன அவளுக்கு முதலிற் படைக்கப்படுக. மருத்துவர் தரும் போலிக் அமில மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தவறாது கொடுக்கப்படுக. மணமான நாள்தொட்டே இக்கவனம் தொடங்குதல் நன்று. கரு உண்டானது தெரியுமுன்னரே அதன் வேலை தொடங்கிவிடுகின்றது.

இங்கு வந்துள்ள மாமிமார்களையும் கணவன்மார்களையும் யான் வேண்டுவது ஒன்றே: இன்றிரவு வீடு சென்றதும் அவளை முதற்பந்தியில் அமர்த்துங்கள்.