பம்பின் நாடி



தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சப்தம் சற்றே மாறினாலும், தொலைவில் வரப்பில் நிற்கும் குடியானவர் திரும்பிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பழுதுபார்க்க வரும் மேஸ்திரி திருப்புளியின் நுனியைப் பேரிங்கின் மீது ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். இன்னும் சில நாள் தாங்கும் என்றோ, இப்பொழுதே கழற்றுங்கள் என்றோ தீர்ப்புச் சொல்லுவார். அணுமின் நிலையங்களில் நடைபெறுவதும் அடிப்படையில் இதே வைத்தியந்தான். ஆனால் அங்கே, உலை ஓடும்போது நோயாளியின் அருகில் சென்று காது வைத்துக் கேட்பது சாத்தியமன்று.

நரோரா, காக்ரபார், கைகா ஆகிய இடங்களில் உள்ள 220 மெகாவாட் உலைகளில், யுரேனியத்தில் பிறக்கும் உஷ்ணத்தைக் கனநீர் ஏந்திச் செல்கிறது. ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடில் உலைக்குள் புகும் கனநீர், 293 டிகிரியில் வெளிவருகிறது. இதை ஓயாது சுற்றச் செய்பவை பிரமாண்டமான பம்புகள். உலையை நிறுத்திவிட்டாலும் உஷ்ணம் நின்றுவிடுவதில்லை. நிறுத்திய கணத்தில்கூட முழு ஆற்றலில் 6 அல்லது 7 சதவீதம் எஞ்சியிருக்கும். ஆதலின், மின்சாரம் அறுந்தாலும் பம்பு சட்டென்று நின்றுவிடாதபடி, அதன் அச்சில் கனத்த சக்கரம் ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். அச்சு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ‘சீல்’ என்னும் உறுப்புத்தான் பம்பிலேயே மிகவும் மென்மையானது. அவ்வழியே கசியும் கனநீர் விலையுயர்ந்தது மட்டுமன்று, டிரிடியம் என்னும் கதிரியக்கப் பொருளும் அதில் கலந்திருக்கும்.

ஆகவே, பேரிங்கின் உஷ்ணம், எண்ணெயின் அளவு, சீல் வழியே வரும் நீரின் அளவும் சூடும், மோட்டார் இழுக்கும் மின்சாரம், அச்சின் அதிர்வு ஆகிய யாவும் கருவிகள் வாயிலாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுள் அதிர்வே அதிகம் பேசுவது. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது விநாடிக்கு 25 சுற்று. விநாடிக்கு 25 என்ற அதிர்வு ஓங்கினால், சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். 50 என்ற அதிர்வும் சேர்ந்து ஓங்கினால், மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லையோ என்று ஐயுறவேண்டும். நீரைத் தள்ளும் சக்கரத்தில் ஐந்து இதழ்கள் இருந்தால் 125 என்ற எண் நீரோட்டத்தைப் பற்றிச் சொல்லும். 25, 50 என்ற அதிர்வுகள் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மாறி வருமானால், அச்சிலேயே விரிசல் கண்டிருக்கக்கூடும். இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் கிரிஸ்டல் ரிவர் நிலையத்தில் 1986 ஜனவரியில் ஒரு பம்பின் அச்சு முறிந்தே போயிற்று.

ஆனால், பம்பு நடுங்கும்போது நோய் பம்பில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 1979 மார்ச் 28 அன்று விடியற்காலை நான்கு மணிக்கு அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் விபத்து தொடங்கியது. திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. அதன் வழியே நீர் வெளியேறிக்கொண்டிருந்ததைப் பணியாளர்கள் அறியவில்லை. அழுத்தம் குறைந்த நீரில் நீராவிக் குமிழிகள் தோன்றின. நீரும் ஆவியும் கலந்த குழம்பை இழுக்கத் தொடங்கிய நான்கு பம்புகளும் கடுமையாக அதிர்ந்தன. பம்பு சேதமடையும், சீல் உடைந்துவிடும் என்று அஞ்சி, ஐந்தேகால் மணியளவில் இரண்டையும், ஐந்தே முக்காலுக்குச் சற்று முன் மற்ற இரண்டையும் நிறுத்தினார்கள். பம்பைக் காப்பது என்ற அளவில் அது முறையான செயலே. எனினும், அந்த அதிர்வு உலையில் நீர் குறைகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பம்புகள் நின்றதும் குளிர்ச்சி அற்றுப்போய், எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. ஒரு கருவியின் குறிப்பை மற்றக் கருவிகளின் குறிப்போடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்று இன்று பயிற்சியில் வற்புறுத்துகிறார்களே, அதன் பின்னால் அந்தக் காலைப்பொழுது இருக்கிறது.

மறுபுறம், பொய்யான எச்சரிக்கையும் அற்ப விஷயமன்று. கனநீர் உலையை வீணாக நிறுத்தி, அரைமணி நேரத்திற்குள் மீண்டும் இயக்க இயலாவிட்டால், செனான் என்னும் வாயு உள்ளே பெருகி நியூட்ரான்களை விழுங்கும். பிறகு ஒன்றரை நாள் வரை உலை எழாது. அடிக்கடி பொய் சொல்லும் மணியைப் பணியாளர் நம்பவும் மாட்டார். அப்படியானால், அதிர்வு சிறிது கூடியதும் இது பிணியா, வெறும் தடுமாற்றமா என்று எவ்வாறு முடிவு செய்வது?

இதற்கு உதவும் கணிதம் ஆபிரகாம் வால்ட் என்னும் அறிஞர் உலகப்போரின்போது வகுத்தது. ஒவ்வோர் அளவீட்டிற்குப் பின்பும் ‘நலம்’, ‘பழுது’, ‘இன்னும் ஒன்று பார்ப்போம்’ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லும் முறை அது. எத்தனை முறை தவறலாம் என்பதை முன்கூட்டியே நாம் வரையறுத்துக்கொள்ளலாம். வெடிமருந்துப் பொருள்களைச் சோதிக்கப் பிறந்த இம்முறையை, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தினர் அணு உலைப் பம்புகளுக்குப் பிரயோகித்தனர். மற்றக் கருவிகள் காட்டுவதைக் கொண்டு இந்தப் பம்பு இந்நேரம் எவ்வளவு அதிரவேண்டும் என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. உண்மையான அதிர்வுக்கும் அதற்குமுள்ள வேறுபாட்டை வால்டின் சோதனைக்கு உட்படுத்துகிறது. எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை காத்திராமல், நெடுநாள் முன்னதாகவே பழுதை இனங்காண முடிகிறது. வால்ட் இதைக் காணவில்லை. நம் அரசாங்கத்தின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் மாண்டார்.

இப்படி முன்கூட்டிக் கிடைக்கும் எச்சரிக்கையால், பம்பை அந்த இரவே நிறுத்தவேண்டிய அவசரம் பெரும்பாலும் நேர்வதில்லை. மாற்றுச் சீலை வரவழைத்து, ஆட்களைத் தயார் செய்து, கதிரியக்க அளவைக் கணக்கிட்டு, உலை எப்படியும் நிற்கவிருக்கும் பராமரிப்பு நாளில் வேலையை முடித்துவிடுகிறார்கள். கழற்றிய சீலை மேசைமேல் வைத்து, கருவி சொன்ன இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கொண்டு பார்த்து, அதையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுகிறார்கள்.